மல்டிசைட் நெட்வொர்க்கில் பிளகின் ஆக்டிவேட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு 26 இணையதளங்களை ஒரே வேர்ட்பிரஸ் மல்டிசைட் நெட்வொர்க்கில் (ஒரே நிறுவலில் பல தளங்களை ஓட்டும் அமைப்பு) வைத்துப் பராமரிக்கிறேன். வேலந்தாவளத்துக் காய்கறி மண்டிகள், மீனாட்சிபுரம் பக்கத்துத் தென்னங்கன்றுப் பண்ணைகள், இரண்டு தமிழ்வழிப் பள்ளிகள், ஒரு வாசகசாலை, எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் சில கடைகள். சில தளங்கள் தமிழில் இருக்கின்றன, சில மலையாளத்தில், மீதி இரண்டிலும். இவற்றைப் பார்த்துக்கொள்பவர்களும், இதே வேலையைப் பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் செய்கிற நண்பர்களும் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் பிளகின் ஆக்டிவேஷன் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை இயக்கிவைப்பது) பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன்.

நெட்வொர்க் ஆக்டிவேட் செய்வதற்கும், ஒரு தளத்தில் மட்டும் ஆக்டிவேட் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

மல்டிசைட் என்பது 2010-இல் வேர்ட்பிரஸ் 3.0 வந்தபோது மூல மென்பொருளுக்குள்ளேயே சேர்ந்துவிட்ட வசதி. பிளகின் ஃபைல்கள் சர்வரில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும். 26 தளங்களும் அந்த ஒரே ஃபோல்டரைத்தான் படிக்கின்றன. எந்தத் தளத்தில் எது ஓட வேண்டும் என்ற குறிப்பு மட்டும் டேட்டாபேஸில் தனித்தனியாக எழுதப்படுகிறது.

ஒரு தளத்தில் மட்டும் ஆக்டிவேட் செய்தால், அந்தத் தளத்தின் ஆப்ஷன்ஸ் டேபிளில் 'ஆக்டிவ் பிளகின்ஸ்' என்ற வரியில் அதன் பெயர் ஏறும். தளம் ஒவ்வொன்றுக்கும் சொந்த ஆப்ஷன்ஸ் டேபிள் உண்டு. இரண்டாம் தளத்துக்கு டேபிள் பெயரின் நடுவில் 2 என்ற எண் இருக்கும், ஏழாம் தளத்துக்கு 7. நெட்வொர்க் ஆக்டிவேட் செய்தால் இவை எதிலும் எழுதப்படாது. முழு நெட்வொர்க்குக்கும் பொதுவான சைட்மெட்டா டேபிளில் 'ஆக்டிவ் சைட்வைட் பிளகின்ஸ்' என்ற ஒரே வரியில் மட்டும் எழுதப்படும்.

குறிப்பு இரண்டு இடத்தில் இருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருகிற தொந்தரவுகளில் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

நெட்வொர்க் ஆக்டிவேட் செய்தேன். முதன்மைத் தளத்தில் நன்றாக ஓடுகிறது, மற்ற தளங்களில் ஒன்றுமே வரவில்லை. ஏன்?

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். நானே இதில் அடிபட்டிருக்கிறேன்.

ஒரு வருடம் ஓணத்துக்கு நான்கு நாள் முன்பு, மண்டிகளுக்காகத் தினசரி விலைப் பட்டியல் பிளகின் ஒன்றை நெட்வொர்க் ஆக்டிவேட் செய்தேன். முதன்மைத் தளத்தில் தக்காளி, முருங்கை, நேந்திரங்காய் என்று போட்டுப் பார்த்தேன், அழகாக வந்தது. சரி, வேலை முடிந்தது என்று சாப்பிடப் போய்விட்டேன். ஏழு மணிக்கு ஒரு மண்டிக்காரர் போன் செய்தார். "ஏனுங்க, வெலைப் பலகை காலியா கெடக்குது, திருச்சூர்ல இருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். கேரளத்துக் கடைக்காரர்கள் விலை பார்த்து லோடு சொல்கிற வாரம் அது. அன்று இரவு எல்லா மண்டித் தளத்திலும் விலைப் பக்கம் காலியாகவே இருந்தது.

நடந்தது இதுதான். பல பிளகின்கள் ஆக்டிவேட் ஆகும் நொடியில் சில ஆரம்ப வேலைகளைச் செய்கின்றன. சொந்த டேபிள் உருவாக்கும், இயல்பு அமைப்புகளை எழுதும், புதிய பயனர் பொறுப்புகளைச் சேர்க்கும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளைப் பதிவுசெய்யும், இணைப்பு முகவரி விதிகளைப் புதுப்பிக்கும். இந்த வேலைகளைச் செய்கிற ஆக்டிவேஷன் ஹுக் (ஆக்டிவேட் ஆகும்போது தானாக ஓடும் கோடு), நெட்வொர்க் ஆக்டிவேட் செய்யும்போது ஒரே ஒரு முறைதான் ஓடும், அதுவும் முதன்மைத் தளத்தின் சூழலில். மற்ற 25 தளங்களுக்கும் பிளகினின் கோடு போய்ச் சேர்கிறது. ஆனால் அது தேடுகிற டேபிள் அங்கே இல்லை. வாடகைக்கு வீடு கிடைத்துச் சாவியும் கையில் வந்துவிட்டது, உள்ளே போனால் தண்ணீர் கனெக்‌ஷன் கொடுக்கவில்லை என்பது போல.

நெட்வொர்க் முழுக்க ஆக்டிவேட் ஆகிறது என்ற தகவலை வேர்ட்பிரஸ் அந்த ஹுக்குக்குச் சொல்லத்தான் செய்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு எல்லாத் தளங்களுக்கும் போய் வேலை செய்வது பிளகின் எழுதியவரின் பொறுப்பு. அப்படி எழுதப்பட்டவை இருக்கின்றன, எழுதப்படாதவையும் ஏராளம்.

சரி, அதை எப்படிச் சரிசெய்வது?

முதலில் இதுதான் பிரச்சினையா என்று உறுதிசெய்யுங்கள். டேட்டாபேஸைப் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மின் திறந்து டேபிள் பட்டியலைப் பாருங்கள். பிளகினின் டேபிள் முதன்மைத் தளத்துக்கு இருக்கும். 2, 3, 4 என்ற எண்களோடு அதே டேபிள் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

எளிய வழி: நெட்வொர்க் டேஷ்போர்டில் டீஆக்டிவேட் செய்துவிட்டு, தேவையான தளங்களுக்குள் ஒவ்வொன்றாகப் போய்த் தனியாக ஆக்டிவேட் செய்வது. அப்போது ஹுக் அந்தந்தத் தளத்தின் சூழலில் ஓடும், டேபிள் உருவாகும். அன்று இரவு மண்டித் தளங்களுக்கு நான் செய்ததும் இதுதான். ஒன்பது தளங்களுக்குச் சுமார் கால்மணி நேரம் ஆனது.

தளங்கள் நிறைய இருந்தால் டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளைவரிக் கருவியைப் பயன்படுத்துங்கள். தள முகவரிகளின் பட்டியலை அதுவே எடுத்துத் தரும். ஒவ்வொரு முகவரியையும் யூஆர்எல் என்ற அளவுருவில் கொடுத்து ஆக்டிவேட் கட்டளையை வரிசையாக ஓட்டலாம். பிரவுசரில் செய்யும்போது, வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் மொழியான பிஎச்பியின் இயல்பான 30 விநாடி வரம்பில் பாதியில் நின்றுபோகும் ஆபத்து உண்டு. கட்டளைவரியில் அந்த வரம்பு கிடையாது.

பிளகின் நீங்களே எழுதியது என்றால், ஹுக்குக்குள் எல்லாத் தளங்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மாறி, வேலையைச் செய்து, உடனே பழைய தளத்துக்குத் திரும்பும்படி எழுதுங்கள். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. தளங்களை எடுத்துத் தருகிற 'கெட் சைட்ஸ்' ஃபங்ஷன் இயல்பாக 100 தளங்களை மட்டுமே தரும். 140 தளங்கள் உள்ள நெட்வொர்க்கில் 40 தளங்கள் சத்தமில்லாமல் விட்டுப்போகும். எண்ணிக்கையை 0 என்று கொடுத்தால் எல்லாமே வரும்.

டேபிள் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் மற்ற தளங்களில் பிளகின் உருவாக்கிய பக்கங்களைத் திறந்தால் 404 வருகிறது.

இணைப்பு முகவரி விதிகள் முதன்மைத் தளத்துக்கு மட்டும் புதுப்பிக்கப்பட்டிருக்கும். அந்தத் தளத்தின் டேஷ்போர்டில் அமைப்புகளுக்குப் போய், பெர்மாலிங்க் பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் சேமி பட்டனை மட்டும் அழுத்துங்கள். போதும்.

பழைய தளங்களில் ஓடுகிறது, போன வாரம் புதிதாகச் சேர்த்த தளத்தில் மட்டும் ஓடவில்லை.

மேலே சொன்ன அதே கதைதான். நெட்வொர்க் ஆக்டிவேட் நடந்த நாளில் அந்தத் தளம் பிறக்கவே இல்லை. புதுத் தளம் உருவாகும்போது வேலை செய்வதற்கென்று வேர்ட்பிரஸ் 5.1-இலிருந்து 'இனிஷியலைஸ் சைட்' என்ற ஹுக் இருக்கிறது. பிளகின் அதைப் பயன்படுத்தவில்லை என்றால் புதுத் தளத்தில் ஆரம்ப வேலை நடக்காது. நெட்வொர்க்கில் ஒருமுறை டீஆக்டிவேட் செய்து மறுபடி ஆக்டிவேட் செய்தால், எல்லாத் தளங்களுக்கும் சுற்றிவரத் தெரிந்த பிளகின் புதுத் தளத்தையும் சேர்த்துக்கொள்ளும். சுற்றிவரத் தெரியாத பிளகினுக்குத் தனி ஆக்டிவேஷன்தான் வழி.

நான் பள்ளித் தளத்தின் அட்மின். எனக்கு பிளகின் மெனுவே தெரியவில்லை. என் அக்கவுன்ட்டில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. மல்டிசைட்டில் தள அட்மினுக்கு அந்த மெனு இயல்பாகவே மறைக்கப்பட்டிருக்கும். முழு நெட்வொர்க்கையும் நிர்வகிக்கும் சூப்பர் அட்மின், நெட்வொர்க் அமைப்புகளில் கடைசிப் பகுதிக்குப் போய் பிளகின் மெனுவுக்கான பெட்டியை டிக் செய்தால் உங்களுக்குத் தெரியும். அப்போதும் ஏற்கெனவே சர்வரில் இருப்பதை ஆக்டிவேட், டீஆக்டிவேட் செய்யத்தான் முடியும். புதிதாக நிறுவுவதும் அழிப்பதும் சூப்பர் அட்மின் மட்டுமே செய்யக்கூடியவை. நெட்வொர்க் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் பிளகின்கள் தள அட்மினின் பட்டியலில் காட்டப்படுவதும் இல்லை. ஆகவே "அந்த பிளகின் இங்கே இல்லையே" என்று நினைத்து, அதே வேலைக்கு இன்னொன்றைக் கேட்காதீர்கள். முதலில் சூப்பர் அட்மினிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சூப்பர் அட்மினாக இருந்தும் ஆக்டிவேட் பட்டன் வரவில்லையே?

மூன்று காரணங்கள் உண்டு. நெட்வொர்க்குக்கு மட்டுமே என்று தலைப்புக் குறிப்பில் அறிவித்துக்கொண்ட பிளகினாக இருக்கலாம். அதை நெட்வொர்க் டேஷ்போர்டிலிருந்துதான் ஆக்டிவேட் செய்ய வேண்டும். சர்வரின் பிஎச்பி பதிப்போ வேர்ட்பிரஸ் பதிப்போ பழையதாக இருக்கலாம். மல்டிசைட்டில் பிஎச்பியை மாற்றினால் ஒரு தளத்துக்கு மட்டும் என்று நிற்காது, எல்லாத் தளங்களும் சேர்ந்து மாறும் என்பதால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். மூன்றாவது, இது சார்ந்திருக்கும் இன்னொரு பிளகின் ஆக்டிவேட் ஆகாமல் இருக்கலாம். 2024-இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து இந்தச் சார்பை வேர்ட்பிரஸே பார்த்துத் தடுக்கிறது.

ஆக்டிவேட் செய்யும்போது "எதிர்பாராத 3 எழுத்துகள் வெளிவந்தன" என்று ஒரு செய்தி வருகிறது. எங்கே அந்த மூன்று எழுத்து?

கண்ணுக்குத் தெரியாது. ஃபைலின் முதல் வரிக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிஓஎம் என்ற குறியீடு அது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் அதன் அளவு சரியாக 3 பைட். வேர்ட்பிரஸ் எழுத்து என்று சொன்னாலும் எண்ணுவது பைட்டைத்தான்.

தமிழிலும் மலையாளத்திலும் வேலை செய்கிற நமக்கு இது அடிக்கடி நேரும். பிளகின் ஃபைலில் ஒரு ஆங்கில வார்த்தையைத் தமிழாக்கலாம் என்று நோட்பேடில் திறந்து, தட்டச்சு செய்து, யூடிஎஃப்-8 ஆகச் சேமிப்போம். பழைய விண்டோஸ் நோட்பேடில் யூடிஎஃப்-8 என்றாலே பிஓஎம் சேர்ந்துதான் வரும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்குப் பிறகுதான் பிஓஎம் இல்லாமல் சேமிப்பது இயல்பானது. நம் ஊர் கடைக் கம்ப்யூட்டர்களில் பழைய விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நோட்பேட்++ போன்ற எடிட்டரில் ஃபைலைத் திறந்து, என்கோடிங் மெனுவில் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும். செய்தியில் எண்ணிக்கை 1 அல்லது 2 என்று இருந்தால், ஃபைலின் தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு வெற்றிடமோ வெற்று வரியோ கிடக்கிறது. நூற்றுக்கணக்கில் இருந்தால் அது பெரும்பாலும் ஒரு பிழைச் செய்தி.

இந்தச் செய்தி வந்தாலும் பிளகின் ஆக்டிவேட் ஆகிவிட்டது என்பதை மறக்க வேண்டாம். அப்படியே விட்டால் சில சர்வர்களில் லாகின் முடங்கும், புதுப் பதிவுகளை வெளியே தரும் ஆர்எஸ்எஸ் ஓடை உடையும். மொழிபெயர்ப்பையும் பிளகின் ஃபைலுக்குள் எழுதாதீர்கள். மொழிக் கோப்பில் எழுதுங்கள். அடுத்த அப்டேட்டில் உங்கள் உழைப்பு அழியாமல் இருக்கும்.

நெட்வொர்க் ஆக்டிவேட் செய்ததும் வெள்ளைத் திரை. டேஷ்போர்டுக்குள்ளேயே நுழைய முடியவில்லை. ரெக்கவரி மெயிலும் வரவில்லை.

பதற்றப்பட வேண்டாம், உங்கள் தரவு எதுவும் போகவில்லை. 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, பிளகின் தளத்தை முடக்கினால் அட்மினுக்கு ஒரு மீட்பு இணைப்பு மெயிலில் வரும். ஆனால் அந்த ஏற்பாடு நெட்வொர்க் ஆக்டிவேட் ஆன பிளகின்களுக்குப் பொருந்தாது. மெயிலுக்காகக் காத்திருந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரிலோ எஃப்டிபியிலோ போய், பிளகின்ஸ் ஃபோல்டருக்குள் அந்த பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றுங்கள். பின்னால் 'ஆஃப்' என்று சேர்த்தாலே போதும். ஃபைல் இல்லாத பிளகினை வேர்ட்பிரஸ் தாண்டிப் போய்விடும், தளங்கள் திரும்ப வரும். பிறகு கான்ஃபிக் ஃபைலில் பிழைகளைப் பதிவுசெய்யும் டீபக் வசதியையும் லாகையும் இயக்கி, பிழையைப் பார்வையாளர்களுக்குக் காட்டும் அமைப்பை மட்டும் அணைத்துவிட்டு, லாக் ஃபைலின் கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். எந்த ஃபைலில் எந்த வரியில் விழுந்தது என்று அது சொல்லும்.

"ஆக்டிவேட் செய்யும்போது வேர்ட்பிரஸே சோதித்துப் பார்க்குமே, அப்புறம் எப்படி உடைந்தது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சோதிக்கத்தான் செய்கிறது, ஆனால் முதன்மைத் தளத்தின் சூழலில் மட்டும். 11-ஆம் தளத்தில் வேறொரு பிளகின் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் வைத்திருந்தால், முதன்மைத் தளம் நன்றாக இருக்கும்போதே 11-ஆம் தளம் மட்டும் விழும். எனவே ஒரு தளம் மட்டும் வெள்ளையாக இருந்தால், அந்தத் தளத்தில் மட்டும் ஆக்டிவேட் ஆன பிளகின்கள் மேல்தான் முதல் சந்தேகம் போக வேண்டும்.

மூல பிளகினைக் கடைத் தளத்தில் மட்டும் ஆக்டிவேட் செய்தேன், அதன் ஆட்-ஆனை (அதைச் சார்ந்து ஓடும் துணை பிளகின்) நெட்வொர்க் முழுக்க. கிளாஸ் கிடைக்கவில்லை என்று பிழை வருகிறது.

பிளகின்கள் ஏறும் வரிசைதான் காரணம். முதலில் எம்யூ-பிளகின்கள் (தனி ஃபோல்டரில் போட்டாலே ஆக்டிவேட் செய்யாமல் ஓடுபவை), அடுத்து நெட்வொர்க் பிளகின்கள், கடைசியில் தளத்தின் சொந்த பிளகின்கள். உங்கள் ஆட்-ஆன் வந்து நிற்கும்போது மூல பிளகின் இன்னும் ஏறவில்லை. நன்றாக எழுதிய ஆட்-ஆன் எல்லாம் ஏறி முடியும் வரை காத்திருக்கும், மற்றது விழுந்துவிடும். மேலும் மற்ற தளங்களில் அந்த மூல பிளகினே கிடையாது. இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தளத்தில், அல்லது இரண்டும் நெட்வொர்க்கில்.

நெட்வொர்க் டீஆக்டிவேட் செய்துவிட்டேன். ஆனாலும் இரண்டு தளங்களில் மட்டும் பிளகின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதல் கேள்வியில் சொன்ன இரண்டு இடங்களும் இங்கே வருகின்றன. நெட்வொர்க்குக்கு மாற்றுவதற்கு முன்பே அந்த இரண்டு தளங்களில் யாரோ தனியாக ஆக்டிவேட் செய்திருப்பார்கள். நெட்வொர்க் ஆக்டிவேஷன் அந்தத் தனிக் குறிப்பை அழிப்பதில்லை. அந்தத் தளங்களுக்குள் போய்த் தனியாக டீஆக்டிவேட் செய்யுங்கள்.

டேட்டாபேஸில் நேரடியாகக் குறிப்பை மாற்றியும் பலன் இல்லை என்றால், தரவைத் தற்காலிகமாக நினைவில் வைக்கும் ரெடிஸ் அல்லது மெம்கேஷ்ட் பழைய குறிப்பையே கொடுத்துக்கொண்டிருக்கும். ஆப்ஜெக்ட் கேஷைக் காலி செய்யுங்கள். அப்படியே, கையால் திருத்துவதைக் கூடிய வரை தவிர்க்கச் சொல்வேன். அந்தக் குறிப்பு சீரியலைஸ் செய்த வடிவில் இருக்கிறது, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அதன் நீளமும் எழுதியிருக்கும். ஒரு எழுத்து கூடினாலோ குறைந்தாலோ முழுப் பட்டியலும் செல்லாது போய், அந்தத் தளத்தின் எல்லா பிளகின்களும் ஒரே நேரத்தில் நின்றுவிடும்.

தமிழ்ப் பள்ளியின் தளத்தில் பிளகின் தானாக உருவாக்கிய பக்கத்துக்கு மலையாளத்தில் தலைப்பு வந்திருக்கிறது. எப்படி?

எல்லையோர நெட்வொர்க்குகளுக்கே உரிய கேள்வி. 4.7 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பயனரும் டேஷ்போர்டுக்குத் தனக்குப் பிடித்த மொழியை வைத்துக்கொள்ளலாம். ஆக்டிவேட் பட்டனை அழுத்தியவர் புரொஃபைலில் மலையாளம் வைத்திருந்தால், அந்த நொடியில் பிளகின் உருவாக்கும் பக்கங்கள் மலையாளத் தலைப்போடு பிறக்கும். தளத்தின் மொழி தமிழாக இருப்பது அதைத் தடுக்காது. எங்கள் நெட்வொர்க்கில் இதைச் செய்தவர் நல்ல எண்ணத்தோடு உதவ வந்த ஒரு மலையாள ஆசிரியர். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. பக்கத் தலைப்பையும் முகவரித் துணுக்கையும் கையால் திருத்தினோம். ஆக்டிவேட் செய்யும் முன் உங்கள் புரொஃபைல் மொழியைத் தளத்தின் மொழிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. குழந்தைகளின் பெற்றோர் படிக்கிற பக்கம், அவர்கள் மொழியிலேயே இருக்க வேண்டும்.

எம்யூ-பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டால் இந்த ஆக்டிவேஷன் தொல்லையே இல்லையாமே?

ஆக்டிவேட் செய்யத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அதனாலேயே ஆக்டிவேஷன் ஹுக்கும் ஓடாது, டேபிள் எந்தத் தளத்துக்கும் உருவாகாது. ஃபோல்டருக்குள் நேரடியாக இருக்கும் பிஎச்பி ஃபைல்கள் மட்டுமே ஏறும், உள் ஃபோல்டர்களை அது பார்க்காது. சின்னச் சின்னத் துணுக்குகளுக்குத்தான் அந்த இடம்.

புது பிளகினை நெட்வொர்க்கில் போடும் முன் நீங்கள் என்ன செய்வீர்கள்?

டேட்டாபேஸ் பேக்கப் முதலில். அப்புறம், யாரும் பார்க்காத ஒரு சோதனைத் தளத்தை நெட்வொர்க்கிலேயே வைத்திருக்கிறேன், அதில் மட்டும் ஆக்டிவேட் செய்து இரண்டு நாள் விடுவேன். அடுத்து, வாசகசாலைத் தளத்தில். அங்கே கூட்டம் குறைவு, பார்த்துக்கொள்பவரும் பொறுமையானவர், எது மாறினாலும் உடனே சொல்வார். அதற்குப் பிறகும் 26 தளங்களுக்கும் உண்மையிலேயே தேவைப்படுகிற பிளகின்களை மட்டும்தான் நெட்வொர்க்கில் ஆக்டிவேட் செய்கிறேன். இன்றைக்கு அப்படி இருப்பவை நான்கு: பாதுகாப்பு, பேக்கப், கேஷ், மெயில் அனுப்புவது. விலைப் பட்டியல் இப்போது மண்டித் தளங்களில் மட்டும், ஒவ்வொன்றிலும் தனியாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது. ஆக்டிவேட் செய்த கையோடு, முதன்மைத் தளத்தை விட்டுவிட்டு, கடைசியாகச் சேர்ந்த மண்டியின் விலைப் பக்கத்தைப் போனில் திறந்து தக்காளி விலை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.